முன்னுதாரணம் தேடிய பன்னிரண்டு நாட்கள்

சர்க்யூட் ஹவுஸ் வராந்தாவில் குவிந்து கிடந்த சம்பங்கி மாலைகளின் வாசம்... கோவை வெயில் ஏற ஏற அது சாவு வீட்டு வாசமாக மாறிக்கொண்டிருந்தது.

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பிழை ஏதும் இருந்தால் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சார் அவிநாசிக்காரர். நாடாளுமன்றச் செயலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் அதிகாரி. அவையில் சபாநாயகரின் இருக்கைக்குக் கீழே உள்ள மேசையில் அமர்ந்திருப்பார். கூச்சல் எழும்போது சபாநாயகர் லேசாகக் குனிவார்; சார் விதி எண்ணை மெல்லச் சொல்வார். அவ்வளவுதான். அவர் குரலை நாடு கேட்டதில்லை... ஆனால் அவர் சொன்னபடிதான் அவை நடந்தது.

நான் அவருக்குக் கீழே முன்னுதாரணம் தேடுகிறவன். முன்பு இப்படி நடந்திருக்கிறதா, எந்த வருடம், யார் தலைமையில் என்று பழைய நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டி எடுத்துக் கொடுப்பது என் வேலை. யார் எதைக் கேட்டாலும் "பாத்துச் சொல்றேனுங்க" என்பேன்.

"ஏனுங்க, உங்க பேரைக் கேட்டாலும் பாத்துத்தான் சொல்லுவீங்களாட்ட இருக்குது" என்று சார் கேலி செய்வார். டெல்லியில் இந்த ஊர்ப் பேச்சு எங்கள் இருவருக்குள் மட்டும்.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் அவரை வடக்கே ஒரு சிறிய மாநிலத்துக்கு ஆளுநராக்கினார்கள். என்னைத் தனிச் செயலாளராக அழைத்துக்கொண்டார். பெரிய மாளிகை, புல்வெளி, திரும்பிய பக்கமெல்லாம் சல்யூட். சட்டமன்றத்தின் முதல் கூட்டத்தொடரில் அரசு எழுதிக் கொடுத்த உரையை வாசித்துவிட்டு வந்து, கோட்டைக் கழற்றியபடி சொன்னார்:

"அங்க நான் சொன்னத அவுங்க படிச்சாங்க. இங்க அவுங்க எழுதுனத நான் படிக்கறனுங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டுமா என்று பிறகு தோன்றியது.

அடுத்த வருடம் சொந்த ஊரில் அவருக்குப் பாராட்டு விழா. அதற்காகத்தான் கோவை வந்து சர்க்யூட் ஹவுஸில் தங்கியிருந்தோம். விழாவுக்குப் புறப்படுகிற நேரத்தில், வராந்தாவில் அந்த மாலைகளுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். வால்பாறையில் தேயிலை பறிக்கிறவர். விடிகாலை பஸ்ஸைப் பிடித்து உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

சார் ஆளுநராக இருந்த மாநிலத்தில்தான் அந்த அம்மாளின் மகன் சிறையில் இருந்தான். வேலைக்குப் போன இடத்தில் அடிதடி, ஒரு கொலை, ஆயுள் தண்டனை. இப்போது சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. கருணை மனு கொடுத்து எட்டு மாதமாகியும் அங்கே உள்துறையில் அது அசையாமல் கிடந்தது.

"தப்பு செஞ்சவந்தானுங்க சாமி. இல்லீன்னு சொல்லலீங்க. சாகறது ஊட்டுல வந்து சாகட்டும்னுதானுங்க கேக்கறேன்."

"அமைச்சரவை சொல்லாம நானா விடுதலை பண்ண முடியாதுங்க அம்மணி" என்றார் சார்.

"விட வேண்டாமுங்க. அந்தக் காயிதம் என்னாச்சுன்னு ஒரு வார்த்த கேட்டுப்போடுங்க. அது போதுமுங்க."

சார் என் பக்கம் லேசாகக் குனிந்தார். சபாநாயகர் அவர் பக்கம் குனிவாரே... அப்படியே.

"ஆளுநரா இருக்கறவரு, இன்ன தேதிக்குள்ள பதில் சொல்லுங்கன்னு அரசாங்கத்தக் கேட்டதுக்கு முன்னுதாரணம் இருக்குதுங்களா?"

இருந்தது. பல வருடங்களுக்கு முன் வேறொரு மாநிலத்தில் நடந்ததைப் படித்த நினைவு. ஏறக்குறைய நிச்சயம். அந்த 'ஏறக்குறைய'வுக்காக,

"பாத்துச் சொல்றேனுங்க சார்" என்றேன்.

சார் தலையசைத்தார். வெளியே பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. காரில் ஏறினோம்.

திரும்பிப் போன அன்றே தேட ஆரம்பித்தேன். மாளிகை நூலகத்தில் அந்தத் தொகுதி இல்லை. டெல்லிக்கு எழுதினேன். பழைய சகா ஒருவர் நகலெடுத்துத் தபாலில் அனுப்பினார். வந்து சேர்ந்தபோது பன்னிரண்டாம் நாள். நான் நினைத்தது சரி. வருடம்கூடச் சரி. ஓரத்தில் பென்சிலால் கோடிட்டு, கோப்பில் கோத்து, சாரின் அறைக்கு எடுத்துப் போனேன்.

அவர் மேசையில் சிறைத் துறையின் ஒரு பக்கக் கடிதம் இருந்தது.

முந்தின நாள் காலை இறந்துவிட்டான்.

கேட்டிருந்தால் விட்டிருப்பார்களா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் விட்டிருந்தால், ஊர் வந்து சேர மூன்று நாள் போதும்...

சார் அந்தக் கடிதத்தை மடித்து என் கோப்பின் மேல் வைத்தார்.

"ஒரு கேள்வி கேக்கறதுக்கு எதுக்குங்க முன்னுதாரணம்? நானும் உங்களக் கேட்டுப்போட்டேன். நீங்களும் தேடப் போயிட்டீங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உடல் அங்கேயே அடக்கமாகிவிட்டது. இரங்கல் கடிதத்தோடு என்னை வால்பாறைக்கு அனுப்பினார். எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் அந்த அம்மாள் கடிதத்தை வாங்கிப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டார்.

"அய்யா கேட்டாருங்களா சாமி?"

"கேக்கறதுக்குள்ளீங்கம்மா..." என்று இழுத்தேன்.

"செரி, உடுங்க. மலை ஏறி வந்திருக்கறீங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

குடித்தேன்.

சார் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அந்த அம்மாள் இருக்கிறாரா என்று விசாரிக்க இதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த முன்னுதாரணப் பக்கம் கைக்கு வர அப்போது பன்னிரண்டு நாள் ஆனது. நேற்று சும்மா போனில் தட்டிப் பார்த்தேன்... ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே பக்கம், முதல் வரிசையிலேயே வந்து நிற்கிறது.

இந்தப் போன் அன்று என் கையில் இருந்திருந்தால் வராந்தாவிலேயே "இருக்குதுங்க சார்" என்று சொல்லியிருப்பேன் என்று இங்கே எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன்.

என்னை எனக்குத் தெரியும். ஒன்று கிடைத்ததும், இன்னொன்றும் இருக்கிறதா பார்த்துவிடலாம் என்று திரையைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே நின்றிருப்பேன்.