பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்த தொடக்கம்

போட்டோ ஸ்டூடியோவின் முன்னறையில் அண்ணன் படம் எடுப்பான். பின்னறையில் தங்கை அந்த முகங்களின் கருவளையங்களை அழித்துக்கொண்டிருப்பாள். பெயர்ப்பலகையில் அவன் பெயர் மட்டும்தான். கேட்டால், "வீட்டுக்குள்ள என்ன உன்னுது என்னுது" என்பான்.

கம்ப்யூட்டர் ஆமையாக நகர்ந்ததால் புது டிஸ்க் வாங்கி வந்தான்.

"பழசைக் கழட்டிட்டு இன்ஸ்டால் பண்ணுண்ணே."

"எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பாரு."

இரண்டையும் மாட்டி வைத்து, பட்டியலில் புதியதைத் தேர்ந்தெடுத்தான். இன்ஸ்டாலர் மென்பொருளும் சொன்ன பேச்சைக் கேட்டு இயங்குதளத்தைப் புதியதில் வைத்தது. ஆனால் இயந்திரத்தைத் தட்டி எழுப்பும் சின்னப் பகுதிக்குப் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இடம் இருந்ததால், அதை அங்கேயே எழுதிவிட்டது. கம்ப்யூட்டர் பறந்தது, யாரும் கவனிக்கவில்லை.

பிறகு தங்கை தனிக்கடை போட்டாள். அவள் படங்கள் இருந்த பழைய டிஸ்க்கை அண்ணனே கழற்றிக் கொடுத்தான். மறுநாள் அவனுக்குக் கறுப்புத் திரைதான் வந்தது.

சித்தி போனில் கேட்டாள்: "போகும்போது மெஷினைக் கெடுத்துட்டுப் போயிட்டியாமே. எல்லார்கிட்டயும் சொல்றான்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அவன் கடைக்குப் போனாள்.

"நான் என்ன பண்ணேன், சொல்லு."

"நீ போனப்புறம்தானே செத்துச்சு."

பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மாட்டினாள். கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது.

"பாத்தியா, இதுலதான் ஏதோ வச்சிருக்க."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. "வச்சது நானில்ல, இன்ஸ்டாலர். ரெண்டையும் மாட்டி வச்சது நீ."

பழையதை உருவிவிட்டு, இன்ஸ்டாலர் பென்டிரைவைச் செருகி, புது டிஸ்க்கின் ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தொடக்கக் கோப்புகளை அதிலேயே எழுதினாள். இந்த முறை பழைய டிஸ்க் இல்லாமலே கம்ப்யூட்டர் எழுந்தது.

"சரி, ஆனது ஆச்சு. டீ சொல்லட்டுமா?"

"சித்திக்குப் போன் போடு."

"அப்புறமா..."

"இப்பவே. ஸ்பீக்கர்ல."

"மெஷின்லதான் ஏதோ தப்பாம், சித்தி" என்று மென்று விழுங்கினான். அவள் அசையாமல் நின்றாள். "இல்ல சித்தி, நான் போட்டதுலதான் தப்பு. அவ ஒண்ணும் பண்ணல."

தெருவில் இறங்கியும் ஆத்திரம் அடங்கவில்லை. இத்தனை வருஷம் கூடவே உழைத்தவளைத் திருடி மாதிரி பேச அவனுக்கு எப்படி வாய் வந்தது?

அவள் கடையில் ஒருவர் பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்தார். "நேரா பாருங்க" என்றாள். அந்தக் குரலில், பாவம், அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்தார்.