பசிலியா குந்திய பள்ளம்

பொம்பளை காலடி பட்டால் வெள்ளி ஓடிவிடுமாம். அதனால் பொத்தோசி மலையின் வெள்ளிச் சுரங்கத்துக்குள் எங்களை விடமாட்டார்கள். புருஷனை அதே சுரங்கம் விழுங்கிய பிறகு, பசிலியா என் பக்கத்தில் வெளியே குந்தி, கழிவுக்கல்லை உடைத்து வெள்ளி பொறுக்கினாள். பசி தெரியாமலிருக்கக் கோக்கா இலையை அதக்கியபடி காலையில் குந்தினால் இருட்டித்தான் எழுவாள். வருஷம் போகப் போக முழங்கால் நிமிரவே மறுத்தது, தூங்குவதும் குந்தியபடிதான்.

ஒருமுறை அருங்காட்சியகத்தில், முழங்காலைக் கட்டிக் குந்தியிருந்த பழங்காலப் பிணத்தைப் பார்த்தாள். “பாவி மக, இவளுக்கும் கால் நீட்ட எடம் கெடைக்கலையாடி?” என்று சிரித்தாள்.

போன வாரம் சுவரில் சாய்ந்து குந்தியபடியே செத்துப்போனாள். தச்சன் ரெமிகியோ நீளப் பெட்டியோடு வந்தான்.

“நல்லா அமுக்குங்க, கால் நிமிந்துடும்.”

அமுக்கினோம். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. மகள் நியெவெஸ் கத்தினாள்: “விடுங்கய்யா! உசுரோட இருந்தப்ப ஒடிச்சது பத்தாதா?”

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆழமாகக் குழி வெட்டி, குந்தவைத்தே புதைத்தோம்.

மறுநாள் நியெவெஸ் அம்மாவின் சுத்தியலோடு வந்தாள். பசிலியா குந்திக் குந்தித் தேய்ந்த பள்ளம் என் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. அதில் குந்தினாள். அளவெடுத்து வெட்டியதுபோல் அவளுக்கு அது பொருந்தியது.