அக்கா போடாத கையெழுத்து

ஓர் உள்ளங்கை அகலம். அவ்வளவுதான் அந்தப் பீரங்கிக் குழல் விலகி நின்றது. கிள்ளானில் ஒரு படகுத்துறையில் கட்டியிருந்த ரோந்துப் படகின் முன்தளத்தில் எங்கள் மோர்ட்டார் டரட் உட்கார்ந்திருந்தது. திரையில் குழல் நேராக முன்னோக்கி இருப்பதாகக் காட்டியது. எல்லோரும் திரையைப் பார்த்தோம். ஒருத்தி மட்டும் குழலைப் பார்த்தாள். "சார், அது நேரா இல்ல" என்றாள்.

அவளை எங்கள் பட்டறையில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். என்னைவிட ஒன்பது வயது இளையவள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பந்திங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, ரேடியோத் தொழிற்சாலையில் கம்பி பற்றவைத்துப் பழகி, பிறகு மேருவில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தவள். டரட்டுக்குள் போகும் மின்கம்பிகள் அத்தனையும் அவள் பொறுப்பு. கடைசிச் சோதனைத் தாளில் மின்பகுதிக்கான கையெழுத்தும் அவளுடையது. அவள் போடவில்லையென்றால் பொறியாளர் போடலாம். அந்தப் பொறியாளர் நான். பிரிக்ஃபீல்ட்ஸில் அரசாங்க உத்தியோகக் குடும்பத்தில் வளர்ந்தவன். படிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

டரட் என்பது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் கூடு. எங்களுடையதில் ஆள் உட்கார மாட்டார். உள்ளே பாதுகாப்பாக இருப்பவர் திரையைப் பார்த்துக் கைப்பிடியை அசைத்தால், மேலே குழல் உயர்ந்து திரும்பும். முதலில் அதைக் கவச வாகனத்தில் பொருத்தினோம். கற்றுக்கொடுக்க வந்த வெளிநாட்டு நிபுணர்கள் திரும்பிப் போனபிறகு, மேருத் தொழிற்பேட்டையின் தகரக் கொட்டகையில் நாங்களே அதை முதன்முறையாகச் சுழல வைத்த அன்று, பக்கத்துப் பட்டறைக்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அடுத்தது படகு. படகில் ஒரு சிக்கல் உண்டு. குழலுக்குப் பின்னாலேயே மாலுமிகள் நிற்கும் கண்ணாடி அறை. குழல் அந்தப் பக்கம் திரும்பினால் சுடவே முடியாதபடி கணினியில் ஒரு தடை வைத்திருந்தோம்.

மறுநாள் காலை கடற்படை அதிகாரிகள் வருவதாக ஏற்பாடு. அன்று பிற்பகல், படகின் மின்சாரத்தைக் கரையிலிருந்து அதன் சொந்த ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டின. அதற்குப் பிறகுதான் அந்த உள்ளங்கை அகலம்.

நான் கணினியில் இரண்டு பொத்தான்களை அழுத்தி, குழலையும் திரையையும் ஒன்றாக்கினேன். "சரியாப் போச்சு அக்கா, சைன் பண்ணிடுங்க" என்றேன்.

"ஏன் தப்பாச்சுன்னு தெரியாம எப்படி சார் சைன் பண்றது?"

எங்கள் மேலாளர் பொறுமை இழந்தார். கெட்டவர் அல்ல, ஐந்து வருட உழைப்பின் பலன் மறுநாள் காலையில் தீர்மானமாக வேண்டியிருந்தது. தாளை என் பக்கம் நீட்டி, "யூ எஞ்சினியர், யூ சைன் லா" என்றார். நான் பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.

அக்கா என்னைத் தடுக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எஸ்டேட்ல எங்க வூட்ல ஒரு கரண்ட் கடிகாரம் இருந்துச்சு சார். கரண்ட் போயி வந்தா அதுக்கு மணி மறந்துடும். பன்னெண்டுன்னு மினுக்கிக்கிட்டே இருக்கும். பாட்டரி போட்ட கடிகாரம் மறக்காது. லோரில பாட்டரி இருக்கு. போட்ல எங்க சார் இருக்கு?"

லோரி என்று அவள் சொன்னது கவச வாகனத்தை. என் கை அப்படியே நின்றுவிட்டது. குழல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருக்கும் கருவிக்கு, வாகனத்தில் மின்சாரம் நேராக பாட்டரியிலிருந்து போகிறது. அது ஒருபோதும் அணையாது. வாகனத்தின் வரைபடத்தையே படகுக்கும் எடுத்து, அதில் அந்தக் கம்பியை மட்டும் படகின் பொது மின்சாரத்தோடு இணைத்தவன் நான். மின்சாரம் சிமிட்டினால் கருவி மறந்துபோகலாம். மறந்தபின், அப்போது நிற்கும் திசையையே 'நேர்' என்று எடுத்துக்கொள்ளலாம். மூடியைப் போட்டுப் பேனாவைப் பைக்குள் வைத்தேன்.

"குழலைப் பக்கவாட்டுல திருப்பி வெச்சு, பத்து தடவ ஆஃப் பண்ணிப் பாப்போம் சார்" என்றாள் அக்கா.

குழலில் குண்டு இல்லை என்பதை மூவர் பார்த்து உறுதிசெய்தோம். மேலாளர் கோபத்தோடு கண்ணாடி அறைக்குள் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறு தடவை ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது தடவை மின்சாரம் திரும்பியபோது, கடலைப் பார்த்துப் பக்கவாட்டில் நின்ற குழலைத் திரை நேர் என்று காட்டியது. நான் கைப்பிடியை மெதுவாகத் திருப்பினேன். குழல் சுழன்றது, தடை இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியது, கண்ணாடி அறைக்கு எதிரே போய் நின்றது. திரையில் பச்சை விளக்கு. சுடலாம் என்று அர்த்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் குழலின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்தவர் கைத்தொலைபேசியை எடுத்து அதிகாரிகளின் வருகையைத் தள்ளிப்போட்டார். பிறகு அக்காவிடம், "எவ்வளவு நாள் வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று வாரம் ஆனது. கருவிக்குத் தனி பாட்டரி வைத்தோம். அக்கா பழைய கம்பிக் கற்றை முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டினாள். அந்த நாட்களில் ஒருமுறை, ஆயுதம் செய்கிறோமே என்று உங்களுக்கு உறுத்தவில்லையா என்று கேட்டேன். "எப்பச் சுடணும்னு சொல்றது நம்ம கையில இல்ல சார். சொன்ன பக்கம் மட்டும் திரும்பணும். அது நம்ம கையில இருக்கு" என்றாள். நான் படித்த எந்தப் பாடத்திலும் பொறியியலை யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கடலில் சோதனை நடந்த அன்று குழல் உயர்ந்தது, திரும்பியது, சுட்டது. சொன்ன இடத்தில் தண்ணீர் வெள்ளைத் தூணாக எழுந்தது. ஓர் அதிகாரி வேண்டுமென்றே நடுவில் மின்சாரத்தை அணைக்கச் சொன்னார். மின்சாரம் திரும்பிவந்தபோது திரையும் குழலும் ஒன்றாக இருந்தன. கண்ணாடி அறைப் பக்கம் திருப்பச் சொன்னார். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. அதிகாரிகள் என் கையைக் குலுக்கினார்கள். நான் அக்காவை முன்னால் அழைத்து, தவறு செய்தவன் நான், கண்டுபிடித்தவர் இவர் என்றேன். அதைச் சொன்னபோது எனக்குச் சிறுமையாக இல்லை. என் வாழ்க்கையில் நான் மிக நிமிர்ந்து நின்ற நிமிடம் அதுதான்.

அக்கா இப்போது வடக்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தில் சோதனைப் பிரிவின் தலைவி. எங்கள் பட்டறையில் ஒவ்வொரு படகு டரட்டுக்கும் மின்சாரத்தை அணைத்து அணைத்துப் பார்ப்பது விதியாகிவிட்டது. விதிப்புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. "அக்கா சுடா?" என்றுதான் மலாய்க்காரத் தோழர்கள் கேட்பார்கள். மலாயில் 'சுடா' என்றால் முடிந்ததா; அக்கா சோதனை முடிந்ததா என்று பொருள். புதிதாகச் சேர்ந்த பூச்சோங் பெண் ஒருத்தி அதைத் தமிழென்று எண்ணி, "யாருண்ணே அந்த அக்கா, எப்பவும் சூடாவே இருப்பாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

போன வாரம் தொலைபேசியில் இதை அக்காவிடம் சொன்னேன். வெகுநேரம் சிரித்தாள். பிறகு குரல் மாறியது.

"எத்தன தடவ சார் ஆஃப் பண்றீங்க?"

"பத்து."

"பத்தாது சார். இருபதா ஆக்குங்க."

ஆக்கிவிட்டோம்.