தொட்டி அழாது

மங்கம்மா அக்கா போன செய்தியை, அவருடைய டெப்போவில் கைப்பம்பு அடிக்கும் முனுசாமிதான் கொண்டுவந்தார். ஆனி மாதக் கிருத்திகை. மலையேறி முருகனைக் கும்பிட்டுத் திரும்பி, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். "அம்மா, அக்கா பூட்டாங்க" என்றார். கையிலிருந்த விபூதிப் பொட்டலம் ஈரத்தில் விழுந்தது. "அப்போ டேங்க்கு?" என்றுதான் என் வாயில் வந்தது. செத்தவருக்கு அழாமல் இதைக் கேட்கிறாளே என்று முனுசாமி நினைத்திருப்பார். அக்காவை அறிந்த நீங்கள் நினைக்கமாட்டீர்கள்.

கணவர் இறந்தபின் மலையடிவாரத்து மண்ணெண்ணெய் டெப்போவை அக்காவே நடத்தினார். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்தே கூட்டல் கழித்தல் கற்றவள் நான். என்னை நம்பி டெப்போ கணக்கை ஒப்படைத்தார். அவருக்கு வாய் நீளம். வரிசையில் கேனால் இடித்து முந்துகிறவர்களிடம், "இன்னாமே, கல்யாணப் பந்தியா இது? உனுக்கு மட்டும் பாயசம் ஊத்தட்டுமா?" என்பார். வரிசையே சிரிக்கும். இடித்தவரும் சிரித்துவிட்டுப் பின்னால் போவார்.

அந்த டெப்போவின் உயிர், செங்கல் மேடைமேல் படுத்திருந்த இரும்புத் தொட்டி. ஆயுத பூஜைதோறும் அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்போம். அடிப்பக்கம், தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த ஓரத்தில், எப்போதும் ஒரே இடத்தில். பொட்டின்மேல் பொட்டாகக் காய்ந்து அடைபோல் ஆகியிருந்தது. ஓர் ஆண்டு ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது அந்தப் பொட்டு தானாக வழியத் தொடங்கியது. தொட்டிக்கு வேர்க்கிறது, முருகன் இறங்கியிருக்கிறான் என்று பேச்சு பரவியது. காவடிக்காரர்கள் மலைக்குப் போகும் வழியில் நின்று கும்பிட்டார்கள். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் ஒருவர் தேங்காய் உடைத்தார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். யாரோ தட்டில் கற்பூரம் வைத்துத் தீக்குச்சியை எடுத்தார்.

அக்கா ஓடிவந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். பொட்டை விரலால் வழித்து அந்த ஆளின் மூக்கருகே நீட்டினார். "வேர்வையாம் வேர்வை! மோந்து பாருய்யா. கிருஷ்ணாயிலு!" உடைத்துப் போட்டிருந்த தேங்காய் மூடியையே எடுத்து, அத்தனை பேர் முன்னால் சாமிப் பொட்டைச் சுரண்டினார்.

"தாலியறுத்தவ பொட்டு மேல கை வெக்கிறாளே, உருப்படுமா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"எனுக்கே இல்லாத பொட்டு இந்த டேங்க்குக்கு எதுக்குமே?" என்றார் அக்கா, கை நிற்காமல்.

பொட்டுக்கு அடியில் இரும்பு அப்பளமாக உதிர்ந்தது. குழிக்குள்ளிருந்து ஒரு சொட்டு எண்ணெய் எட்டிப் பார்த்தது. "சாமிப் பொட்டு வெச்ச எடம்னு துரு தள்ளி நிக்குமாய்யா?" என்று கேட்டார்.

திருவிழா நேரத்தில் விற்பனையை நிறுத்தித் தொட்டியைக் காலி செய்தார். விளக்குக்கு எண்ணெய் கிடைக்காதவர்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அரக்கோணத்திலிருந்து வந்த மெக்கானிக் பித்தளைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். இரும்பால் தட்டினால் பொறி பறக்குமாம். நல்ல தகடு 'ணங்' என்றது. தேய்ந்த தகடு 'பொத்' என்றது. அடித்தகட்டையே மாற்றச் சொன்னார். அப்போதைக்கு முடிந்தது ஒரு ஒட்டுத்தான். "இது ஒட்டுப் போட்ட பொடவைமே. கட்டிக்கலாம், நம்பக் கூடாது" என்றார் அக்கா.

அன்றிலிருந்து அமாவாசைதோறும் தன் வெற்றிலை உரலின் பித்தளை உலக்கையோடு தொட்டியடியில் குந்திவிடுவார். தட்டுவார், காதை வைப்பார், நகர்வார். 'பொத்' என்ற இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போடுவார். "கமலா, உன் காதைக் குடு. எனுக்குக் கேக்கறது மேல எனுக்கே நம்பிக்கை இல்ல" என்று என்னையும் குந்தவைப்பார். கடைசியாகத் தட்டிய அன்று, "வட்டம் பெருசாயிகினே போவுதுமே. இந்த ஆடிக்குள்ள தகட்டை மாத்திடணும்" என்றார். யாருக்கும் அஞ்சாத அந்தக் கண்களில் அன்றுதான் பயத்தைப் பார்த்தேன். மாற்றுவதற்குள் படுத்துவிட்டார். படுக்கையிலும் விரல் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

டெப்போ இப்போது அவர் கொழுந்தன் மகன் தேவராஜ் கையில். நல்ல பிள்ளை. பெரியம்மா காரியத்துக்கென்று தொட்டிக்கு வெள்ளிப் பூச்சு அடித்தான்; சாக்கட்டி வட்டம் அதன் அடியில் மறைந்துபோயிற்று. பழைய இடத்திலேயே பொட்டும் வைத்தான். கருமாதியன்று மதியம் அந்தப் பொட்டு வழிந்தது. "பெரியம்மாவுக்காக டேங்க் அழுவுது பாரு அத்தே" என்று என் தோளில் சாய்ந்து விம்மினான். அதற்குள் யாரோ அந்தச் சொட்டுக்குக் கீழே அகல் விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

நான் விளக்கை அணைத்தேன் என்று வாயால்கூடச் சொன்னதில்லை. மலையேற்றினேன் என்றுதான் சொல்வேன். அன்று, இறந்தவருக்கு ஏற்றிய விளக்கைத் திரியோடு விரலால் நசுக்கி அணைத்தேன். "அழலப்பா, ஒழுவுது! காலி பண்ணு!" என்று கத்தினேன்.

"ஆடிக் கிருத்திகை முடியட்டும் அத்தே. இப்போ நிறுத்தினா ரேஷன் கார்டுக்காரங்க என்னை உரிச்சிடுவாங்க" என்றான். சாவு வீட்டு விளக்கை அணைத்த பாவி என்று உறவுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தொட்டி இதை எழுதும்போதும் நிறைந்திருக்கிறது. பக்கத்துத் தோப்பில் காவடிக்காரர்களுக்குக் கொட்டகை போடுகிறார்கள். அடுப்புக்குக் கல் கூட்டியாகிவிட்டது. முருகா என்று கூப்பிட்டுக்கூப்பிட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அக்காவை அறிந்தவர்களே, அவருக்குக் கண்ணீர் வேண்டாம். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தப் பித்தளை உலக்கை. விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு தொட்டியடியில் குந்தப் போகிறேன். எனக்குக் கேட்பதன்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. யாராவது வந்து காதைக் கொடுங்கள்.