ரொசலி அக்காவின் வெள்ளிச் சாயம்

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்தைத் திறக்கப் போனபோது வாயிற்காவலர் சொன்னார். ரொசலி அக்கா போ பசான் ஊரில் தம் வீட்டில் காலமாகிவிட்டார். எங்கள் மருத்துவமனையில் என் பக்கத்து மேசைக்காரர் அவர். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவரைப் பற்றி அழுதுகொண்டு எழுத முடியாது.

மூளையிலும் முதுகுத்தண்டிலும் நரம்புகளைத் தாங்கி நிற்கும் செல்கள் என்றால் அவருக்குப் பித்து. "எல்லாரும் நரம்பைப் பத்தித்தான் பேசுறாங்க. அதுக்குச் சோறு போடுறது யாரு, குப்பை அள்ளுறது யாரு?" என்று எங்கள் தீவின் கிரியோல் மொழியில் சண்டைக்கு வருவார். நான் அக்கா என்றால், வயதைக் கூட்டாதே என்பார்.

ஒருமுறை ட்ரியோலே ஊரிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். கால்கள் மரத்துக்கொண்டே வந்தன. முதுகுத்தண்டில் கட்டி. அதில் ஒரு துணுக்கை எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். வேறெங்கிருந்தோ பரவிய புற்று என்றால் மேற்கொண்டு கத்தி வைப்பதில்லை. தாங்கும் செல்களில் எழுந்த கட்டி என்றால் எடுத்துவிடலாம், மனிதர் நடக்கலாம். வழக்கமான சாயத்தில் எதுவும் தெளிவாகவில்லை. வெள்ளி உப்புக் கரைசலால் செல்களின் இழைகளைக் கருப்பாக்கிக் காட்டும் வெள்ளிச் சாயம் போடலாம் என்றார் அக்கா. அதற்குத் துளி அழுக்கில்லாத தண்ணீர் வேண்டும். தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் எங்கள் கலனோ புயலில் உடைந்து கிடந்தது.

சர்க்கரை ஆலையில் சாறு காய்ச்சும் ஆவி குளிர்ந்து வரும் தண்ணீரைவிடச் சுத்தம் ஏது என்று ஒரு கேன் வரவழைத்தார். நல்லவேளை, துணுக்கை இடுமுன் வெறும் குவளையில் சோதித்தோம். சூடேறியதும் குவளையின் உட்புறமெங்கும் வெள்ளி படிந்து, முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. ஆவியோடு வந்திருந்த சர்க்கரை, கரைசலிலிருந்து வெள்ளியைப் பிரித்துப் படியவைத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவர் குவளையைத் தூக்கிப் பிடித்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "இந்தத் தீவுல தண்ணிகூட இனிக்குது."

அன்றே பஸ் கொட்டகைக்குப் போய், பாட்டரிக்கு ஊற்றும் வடிநீரைக் கெஞ்சி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். இம்முறை சாயம் பிடித்தது. நான்தான் முதலில் நுண்ணோக்கியில் குனிந்தேன். பழுப்புப் பரப்பில் கரிய இழைகள். நடுவே ஒரு சின்ன வெற்றிடம். அதைச் சுற்றிலும் செல்கள் வட்டமாகக் கைகோத்து நின்றன. முதுகுத்தண்டின் நடுக்குழாய்க்கு உட்சுவராக நிற்கும் அதே தாங்கும் செல்கள்! அக்காவும் பார்த்தார். என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

அறுவை மருத்துவர், பரவிய புற்று என்றே எண்ணி, கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பத் தாள் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா சொல்வார் என்று பின்னால் நின்றேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். பெரியவர்கள் முன் குரல் எழும்பாது. அக்காவோ கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"முதல்ல பார்த்தது நீ. அந்த ஆளோட காலு உன் வெட்கத்துக்காகக் காத்திருக்காது."

கதவைத் தட்டினேன். சொன்னேன். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் மேசைக்கு வந்து நெடுநேரம் பார்த்தார். அந்த வாரமே கட்டியை எடுத்தார்கள்.

நேற்று தேவாலயத்திலிருந்து அக்காவின் பெட்டியைச் சுமந்தவர்களில் அந்தக் கொத்தனாரும் ஒருவர். ஒரு கால் சற்று இழுத்தது. தோள் மாற்ற வந்தவர்களை வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்கு அக்கா விட்டுப்போனது கதவைத் தட்டும் பழக்கம். இன்று காலையும் ஒரு மருத்துவரின் கதவைத் தட்டினேன்.