மஸாஹிர் ரத்தம் கொடுக்காத நாள்

நெய்னார் மச்சானுடைய குடும்பத்தில் ஆண்களுக்கு முப்பது வயதில் தலை வெளித்துவிடும். அவருடைய வாப்பாவுக்கு அப்படி, மூத்த காக்காமார் இரண்டு பேருக்கும் அப்படி, அவருக்கும் அப்படித்தான். மன்னாரில், எருக்கலம்பிட்டியில், அந்த வளவுக்கே சொட்டையர் வளவு என்றுதான் பேர். அந்த வீட்டு ஆட்களே அப்படித்தான் அடையாளம் சொல்வார்கள். பெண் கொடுக்கிறவர்கள் தோணியைப் பார்த்தார்கள், ஆளின் வாயைப் பார்த்தார்கள். தலையைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த நெய்னார் மச்சானின் கடைசி மகன்தான் மஸாஹிர். அவனுடைய உம்மாவும் நானும் ராத்தா தங்கச்சி பிள்ளைகள். அதனால் நான் அவனுக்கு மாமா. அவனுக்கு மூத்தவள் அஸீஸா, பதினொரு வயது வித்தியாசம். இடையில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. உம்மா மவுத்தானபோது இவனுக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து சோறு குழைத்துக் கொடுத்தது அஸீஸாதான்.

தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது கடலால் வந்து கற்பிட்டியில் இறங்கினோம். அவனுக்கு அப்போது பதினொரு வயது. தோணியில் எல்லாப் பிள்ளைகளும் அழுதன, அவன் அழவில்லை. ஆலங்குடாப் பக்கம் முகாமில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தோம். மூன்றாம் வருசம் நெய்னார் மச்சான் அங்கேயே மவுத்தானார். வாப்பாவைத் தூக்கிப் போகிற சந்தூக்கில் இவன் ஒரு பக்கம் கை வைத்துக்கொண்டு நடந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. பொறுமையான பிள்ளை என்று ஆட்கள் சொன்னார்கள். எனக்கு அது பொறுமையாகத் தெரியவில்லை. ஆனால் வேறு என்ன என்று சொல்லவும் எனக்குத் தெரியாது.

பதினெட்டு வயதில் பள்ளிவாசலில் ரத்தம் எடுக்க வந்தார்கள். இவனும் போய்ப் படுத்தான். ஓ நெகடிவ் என்று எழுதிக் கொடுத்தார்கள். நூற்றில் இரண்டு பேருக்கு இருக்குமோ தெரியாது, இந்தத் துண்டைத் தொலைக்காதே என்றார்களாம். அதற்குப் பிறகு யாருக்கும் பேறு கஷ்டம் என்றாலும், ரோட்டில் யாரும் அடிபட்டாலும் இவனைத்தான் தேடி வருவார்கள். கொடுத்துவிட்டு வந்தால் அஸீஸா ஈரல் பொரித்து வைத்திருப்பாள். என்ட தம்பி பத்து வீட்டுக்குச் சொந்தக்காரன் என்று சொல்லித் திரிவாள். அவளுக்கு அது ஒரு நகை மாதிரி.

ஐஸ் லொறி ஓட்டத் தொடங்கினான். இருபத்தாறில் நெற்றி ஏற ஆரம்பித்தது. இருபத்தேழில் கற்பிட்டியில் ஒரு வீட்டில் பெண் கேட்டோம். தலைமுறையாக அங்கேயே இருக்கிற ஆட்கள். பொடியன் தங்கமானவன், தலைதான் கொஞ்சம் வயசு காட்டுது என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வருசம் இன்னொரு வீடு. அங்கேயும் தலை.

எங்கள் ஆட்கள் பெண் கேட்டு வந்தவரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. மூத்தது இருக்கு என்பார்கள், பிள்ளை ஓதி முடிக்கவில்லை என்பார்கள். சொல்லுகிற காரணம் காரணம் இல்லை. கேட்கிறவருக்கும் அது தெரியும், எழும்பி வந்துவிடுவார். அகதிக்குக் குடுக்க மனமில்ல, அதுக்குத் தலையைப் பிடிச்சிருக்காங்க என்று அஸீஸா அன்றைக்கே சொன்னாள். நானும் அதைத்தான் நினைத்தேன். மஸாஹிர் மட்டும் அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான். தலை என்றார்கள், தலையைப் பார்ப்போம் என்று போய்விட்டான்.

சண்டை முடிந்த வருசம் அது. சனிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு ஒரு தோல் டொக்டர் வருவார். அவர் துண்டு எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு சின்னக் குளிசை, மாத்திரைதான். விட்டால் முடி பழையபடி போய்விடும், அதனால் விடாமல் குடிக்க வேண்டும். சிலருக்கு ஆசாபாசம் குறையலாம், மனம் சோரலாம், அப்படி இருந்தால் வந்து சொல்லு என்றும் சொன்னாராம். இன்னொன்றும் சொன்னார். இதைக் குடிக்கிற காலம் ரத்தம் கொடுக்கக் கூடாது. அந்த ரத்தம் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏறினால், வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையென்றால், பிள்ளைக்குக் கேடு வரலாம். குளிசையை விட்டு ஒரு மாதம் போனால்தான் கொடுக்கலாம். இதெல்லாம் அவன் பிறகு எனக்குச் சொன்னது.

ஒரு வருசத்தில் நெற்றி மறைந்தது. கேட்டவர்களுக்கு எண்ணெய் என்றான். என்ன எண்ணெய் என்று விடவில்லை. சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கருஞ்சீரகம் என்று வாயில் வந்ததைச் சொன்னான். அந்த வருசம் ஆலங்குடாவில் பாதிப் பேருடைய தலை வெங்காயம் நாறியது. ஒருத்தனுக்கும் ஒரு முடி முளைக்கவில்லை. மஸாஹிருக்குக் கைராசி என்று முடித்துவிட்டார்கள்.

எத்தாளையில் மர்ஷூதாவைப் பேசினோம், சரி வந்தது. தலையால்தான் சரி வந்தது என்று அவன் நினைத்தான். அதனால் குளிசையை அவளுக்கும் காட்டவில்லை. லொறியில் வண்டிக் கடதாசி வைக்கிற பெட்டிக்குள் வைத்துக் குடித்தான். ரத்தம் எடுக்க வருகிற நாளில் நீர்கொழும்புக்கு ஓட்டம் இருக்கும்.

அப்புறம் காணிக் கதை. ஊருக்குத் திரும்பலாம் என்றானபோது, அஸீஸா சொட்டையர் வளவைத் தன் மகள் நிஸ்ரினுக்குச் சீதனமாக எழுதினாள். மஸாஹிருடைய கையெழுத்தும் வேண்டியிருந்தது. உனக்குப் பங்கு வேணாமா என்று நான் கேட்டேன். வேணாம் மாமா என்று சொல்லி, எங்கே வைக்கிறது என்று கேட்டு வைத்தான். உள்ளபடி அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் ஆட்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை. வாய் திறக்காதவன் மனசுக்குள் வைத்திருப்பான் என்று பேசிக்கொண்டார்கள்.

நிஸ்ரினுக்கு எட்டாம் மாதம் ரத்தம் படத் தொடங்கியது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, சோளகக் காற்று அடிக்கிற காலம். உம்மாவைப்போல அவளுக்கு இல்லை, மஸாஹிரைப்போல ஓ நெகடிவ். ஆஸ்பத்திரியில் ஒரு பைதான் இருந்தது, இன்னும் இரண்டு வேண்டும், தெரிந்த ஆட்கள் இருந்தால் கூப்பிடுங்கள் என்றார்களாம். அஸீஸா ஓடவுமில்லை, அழவுமில்லை. தம்பி இருக்கிறானே என்று சொல்லிவிட்டு போன் எடுத்தாள். நான் அன்றைக்கு அவனுடைய லொறியில்தான் பள்ளிவாசல்துறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். போன் வந்ததும் வண்டியை ஓரமாக்கிக் கொஞ்ச நேரம் நிறுத்தினான். பிறகு ஓட்டினான். 

ஆஸ்பத்திரி நடையில் அஸீஸா, அவள் மாப்பிள்ளை, மர்ஷூதா, மர்ஷூதாவின் காக்கா என்று எல்லாரும் நின்றார்கள். இவனைக் கண்டதும் வழி விட்டார்கள். நானும் கூடவே உள்ளே போய் வாங்கில் உட்கார்ந்தேன். ரத்தம் எடுக்கிற நர்ஸ் மிஸி கடதாசியை வைத்துக்கொண்டு சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மருந்து ஏதும் குடிக்கிறாயா என்ற இடத்தில் அவன் நின்றுவிட்டான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். வெளியே உள்ள அத்தனை பேருக்கும் முன்னால் நல்லவனாக நடந்து போகலாம். அவன் வாய் அசைந்ததை நான் பார்த்தேன்.

தலைமுடிக்கு ஒரு குளிசை, இன்றைக்கு இன்னும் குடிக்கவில்லை, பரவாயில்லையா என்று கேட்டான்.

ரத்தம் யாருக்கு என்று அவள் கேட்டாள்.

"எங்கட பிள்ளைக்கு. வயித்துல பிள்ளை."

மிஸி பேனையைக் கீழே வைத்தாள். வேண்டாம் தம்பி, நீ சொன்னது நல்லது என்றாள். வேறு இடத்துக்கு போன் எடுக்க எழும்பிவிட்டாள்.

வெளியே வருமுன் என் கையைப் பிடித்தான். சொல்லாதீங்க மாமா என்றான். நான் சொல்லவில்லை. அதுக்கு இன்றைக்கும் என்னிடம் நியாயம் இல்லை.

எடுக்க மாட்டாங்களாம், பிரஷர் கூடவாம் என்று அவன் சொன்னான். அஸீஸா அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவன் கையைப் பிடித்து, ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகிற மாதிரி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கப் பாமசிக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன். பாமசிக்காரர் கையில் பட்டியைச் சுற்றி அமத்தினார். நூற்றிருபது, எண்பது. வாலிபப் பிள்ளைகளுக்கு இருக்கிற பிரஷர் என்று சந்தோசமாகச் சொன்னார்.

அஸீஸா சத்தம் போடவில்லை. "காணிக்கு நீ அண்டைக்கே வாயைத் திறந்திருக்கலாம். பிள்ளைட உசிருல வந்து கேக்கணுமா?" என்றாள்.

"அப்படி இல்ல ராத்தா."

"உனக்கு நான் ஊட்டின கை இது. போ. என்ட கண்ணுல படாத."

அவன் போய் லொறிக்குள் உட்கார்ந்தான். பின்னேரம் வெளியூரிலிருந்து ரத்தம் வந்தது. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. தாயும் தப்பினாள், பிள்ளையும் தப்பியது. எட்டு மணிபோல நான் போய் லொறிக் கதவைத் தட்டிச் சொன்னேன். ஆண் பிள்ளையா என்று கேட்டான். ஓம் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினான். உருகிப்போன ஐஸ் தண்ணீர் பின்னால் ஒழுகிக்கொண்டே போனது.

நாலு நாளில் கதை எத்தாளை வரைக்கும் போய்விட்டது. காணித் துண்டுக்காக மருமகளுக்கு ரத்தம் மறுத்தவன். மர்ஷூதா கேட்டபோது அவன் லொறிப் பெட்டியைத் திறந்து குளிசை அட்டையை எடுத்துக் கொடுத்தானாம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதுக்கா பயந்தீங்க, தலையைப் பார்த்து நான் ஓம் சொல்லல்ல, சத்தம் போடாத ஆள் எண்டு உங்கட ராத்தா சொன்னா, அதுக்குத்தான் சொன்னேன் என்றாளாம். அதை எனக்குச் சொல்லும்போது அவன் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். அப்ப உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒண்டும் இல்ல மாமா என்றான். குளிசை செய்கிற வேலையா, அதற்கு முந்தியே அவன் அப்படியா, அது எனக்குத் தெரியாது.

ஏழாம் நாள் பிள்ளைக்குப் பேர் வைத்து முடி இறக்கினார்கள். எனக்குச் சொன்னார்கள், அவனுக்குச் சொல்லவில்லை. வா, நேரே சொல்லு, நான் கூட நிற்கிறேன் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அஸீஸா பின்பக்கம் சட்டியடியில் நின்றாள். இறக்கிய முடி பக்கத்தில் ஒரு பீங்கானில் இருந்தது. அவன் நின்ற இடத்தில் நின்று எல்லாம் சொன்னான். குளிசை, டொக்டர் சொன்னது, மிஸி சொன்னது. அவன் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

அஸீஸா அகப்பையை விடாமல் கேட்டாள். "முதல்ல எண்ணெய் எண்டாய். பிறகு பிரஷர் எண்டாய். இப்ப குளிசை. நாளைக்கு என்ன?"

ஓம் மகள், உண்மை, மிஸி சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன் என்றேன்.

"நீங்க அவனுக்குத்தான் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

அவனுடைய தலையைப் பார்த்தாள். நெற்றிக்கு விழுகிற அளவு முடி, மினுங்கிக்கொண்டு. தலைமுடிக்காகவாம் என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தபடியே அந்தப் பீங்கானை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சோறு சாப்பிட்டுப் போங்க என்று எனக்குச் சொன்னாள். எனக்கு மட்டும்.

அன்றோடு அவன் குளிசையை விட்டான். டொக்டரிடமும் போய்ச் சொன்னானாம். ஒரு மாதம் கழித்துப் போய் ரத்தம் கொடுத்தான், யாருக்கென்று தெரியாத ரத்தம். நாலாம் மாதம் தலையணையில் முடி கிடந்தது. ஐந்தாம் ஆறாம் மாதம் நெற்றி பழையபடி ஏறியது. வருசம் திரும்புவதற்குள் உச்சி வெளித்துவிட்டது. கைராசி போச்சு என்று பகிடி பண்ணினார்கள். அவனும் சிரித்தான். அடுத்தவர் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அஸீஸா எத்தாளையில் அவனுடைய வீட்டுக்கு வந்தது பதினாறாம் மாதம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், குர்பான் இறைச்சிப் பார்சலோடு. மர்ஷூதாவுக்குத்தான் கொண்டுவந்தேன் என்று வாசலிலேயே சொன்னாள். நான் அங்கே இருந்தேன். மஸாஹிர் குளித்துவிட்டுத் துவாயோடு உள்ளே வந்தான். அவள் கதிரையில் உட்காரப் போனவள் உட்காரவில்லை. அவனுடைய தலையை நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் பார்த்தாள். அப்படியே அவளுடைய வாப்பா. எனக்கே ஒரு கணம் நெய்னார் மச்சான் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"அந்தக் குளிசை இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல ராத்தா."

"திரும்பக் குடிச்சா வருமா?"

"வரலாம். தெரியா."

அவள் உட்கார்ந்தாள். மர்ஷூதா பிளேன்டீ கொண்டு வந்தாள். அஸீஸா ஒரு மிடறு குடித்துவிட்டு, நிஸ்ரினுக்குத் திரும்ப நாள் தள்ளியிருக்கிறது என்றாள். முதல் பிள்ளையைக் கீறி எடுத்ததால் இதையும் கீறித்தான் எடுப்பார்களாம். மாசி மாதம், திகதி இன்னும் சரியாகச் சொல்லவில்லை, சொன்னதும் போன் பண்ணுகிறேன், அந்தக் கிழமை ஓட்டம் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்றாள்.

மஸாஹிர் ஓம் என்றான். துவாயைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான்.