மாமா கட்டிய கார் எஞ்சின் சைக்கிள்

அம்மாவின் தம்பிக்கு மருதானையில் ஒரு கராஜில் வேலை. எங்கேயோ அடிபட்டு நொறுங்கிய காரொன்றின் எஞ்சினைக் கழற்றி வந்து, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையிலேயே வைத்து, அதைச் சுற்றி ஒரு மோட்டார் சைக்கிள் கட்டினார். பின்னால் கார் டயர், முன்னால் கார் ரேடியேட்டர். சாய்ந்தால் நிமிர்த்த மூன்று பேர் வேண்டும்.

முதலில் என்னைத்தான் ஏற்றுவேன் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நானும் சும்மா விடுவேனா, வகுப்பு முழுக்கப் பீற்றிவிட்டேன். மறுநாள்தான் அதை முதன்முதலாக ஸ்டார்ட் பண்ணினார். வீட்டு ஜன்னல்கள் அதிர, வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து எதிர் மதிலில் மோதியது. மாமா ஒரு பக்கம் போய் விழுந்தார்.

"கிளட்ச் இன்னும் பழகல்ல, அவ்வளவுதான்" என்று முழங்கையைத் தடவிக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் வகுப்பில் மானம் போய்விடுமே.

நேராகச் சொன்னால் தம்பி மனம் உடைந்துபோவான் என்று அம்மா வேறு வழி பார்த்தார். "பாதர் பிளெஸ் பண்ணாம பிள்ளைய ஏத்தக் கூடாது." புது வண்டியை மாதா கோவிலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளிக்காமல் எங்களில் யாரும் ரோட்டில் விடுவதில்லை. இந்தப் பூதத்தைக் கண்டால் பாதரே தடுத்துவிடுவார் என்பது அம்மாவின் நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, மாமாவும் கராஜ் கூட்டாளிகள் இரண்டு பேரும் அதைத் தள்ளியே கோவில் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாதர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன ஸ்பீட்ல போகும் தம்பி?" என்று ஆசையோடு கேட்டார். பிறகு தாராளமாகத் தெளித்தார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

மாமா என்னைத் தூக்கி டாங்கின் மேல் இருத்திவிட்டுத் தானும் பின்னால் ஏறினார். சனம் விலகி வழிவிட்டது. அம்மா செபமாலையை விரலில் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். மாமா சாவியில் கையை வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார்.

"அக்கா, பெற்றோல் அடிக்க மறந்திட்டன். தள்ளிக்கொண்டே போவம்."

முற்றமே சிரித்தது. கூட்டாளிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திருநாளில் மாதா சுரூபம் போவதுபோல நான் மேலே இருக்க, வண்டி வீட்டை நோக்கி உருண்டது.

ஆனால் டாங்கில் பெற்றோல் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது எனக்குக் கீழே களக் களக்கென்று அலைந்தது. பக்கத்தில் வந்த அம்மாவிடம் குனிந்து, "மாமா பொய் சொல்றார். உள்ளுக்கு நிறைய இருக்கு" என்றேன். பொய் என்றால் உதட்டிலேயே அடி போடுகிற அம்மா.

"வாய மூடிக்கொண்டு இரு" என்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாமாவின் பக்கத்தில் போய்த் தானும் தள்ளினார். ஒரு கையால் அவர் தலையைத் தடவினார்.

பொய் சொன்னவருக்குத் தடவல், கண்டுபிடித்த எனக்கு ஏச்சு. இது என்ன நியாயம் என்று வீடு வந்து சேரும்வரை மேலே இருந்து அழுதுகொண்டே வந்தேன்.